பள்ளியும் கல்லூரியும் கைகோத்தால்: பிளஸ் ஒன்னிலிருந்து முதல் செமஸ்டர் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு நடத்துகிறேன். நானும் உடன் பணியாற்றும் சிலரும் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளோடு சேர்ந்து சில ஆண்டுகளாக வேலை செய்துவருகிறோம். தலைமையாசிரியர்கள், பிற கல்லூரி ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அரசுப் பள்ளியில், அதிலும் தமிழ்வழியில் படித்து, வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் போதாதா? தயார்ப்படுத்துவது என்று தனியாக எதற்கு?

இடம் கிடைப்பதில் தமிழ்நாடு நல்ல தூரம் வந்துவிட்டது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவது) நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. புதுமைப் பெண் திட்டம் 2022இலும் தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கி, மாதம் 1,000 ரூபாய் மாணவர் கணக்கிலேயே சேர்கிறது. கதவு நன்றாகவே திறந்திருக்கிறது.

ஆனால் உள்ளே வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் இரண்டு, மூன்று தாளில் தேறாமல் அரியர் விழுந்துவிட்டால் என்ன ஆகிறது? ‘இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராது’ என்று அது தானாகவே முடிவுகட்டிக்கொள்கிறது. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும். சேர்வதற்கு இத்தனை உதவிகள் செய்கிறோம். சேர்ந்த பிறகு வரும் முதல் ஐந்து மாதத்துக்கு யாரும் பொறுப்பெடுத்துக்கொள்வதில்லை. பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து அடைக்க வேண்டிய இடம் இதுதான்.

மாணவர்கள் சரியாக எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்?

முதலில் சொல்ல வேண்டியது பிளஸ் ஒன் பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்குத் தாள் அணிகளும் நுண்கணிதமும் பற்றியதாக இருந்தது. ஐகன் மதிப்பில் ஆரம்பித்து வகையீடு, பல மாறிகள் கொண்ட சார்புகள், தொகையீடு என்று வேகமாக ஓடியது. இதற்கெல்லாம் அடித்தளம் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது: அணிக்கோவை, எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகை நுண்கணிதத்தின் தொடக்கம். ஆனால் பொறியியல் கட்ஆஃப் முழுக்க முழுக்க பிளஸ் டூ மதிப்பெண்ணில் போடப்படுகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200. பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. ஆகவே பிளஸ் ஒன்னை ஓட்டமாக ஓட்டிவிட்டு, சீக்கிரமே பிளஸ் டூவுக்குத் தாவும் பழக்கம் வந்துவிடுகிறது. இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எதற்கு மதிப்போ அதைத்தான் எல்லோரும் நடத்துவார்கள்.

அடுத்தது புக் பேக் பழக்கம், அதாவது பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை மட்டும் படிப்பது. இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடச் சொன்னால் விதியை அச்சுப் பிசகாமல் எழுதிவிடுகிறார்கள். அதே வகையீட்டை வைத்து, ‘இந்த வளைவரைக்கு இந்தப் புள்ளியில் தொடுகோடு எப்படிச் சாய்ந்திருக்கும், கையால் வரைந்து காட்டு’ என்றால் பேனா நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் அந்தப் படம் அவர்கள் படித்த பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது! ‘முக்கிய வினா’ பட்டியலில் வராததால் யாரும் அந்தப் பக்கத்தில் நிற்கவில்லை.

ஆங்கிலமும் ஒரு பெரிய தடைதான். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். அப்புறம், வெளியே தெரியாத இன்னொன்று உண்டு: பள்ளியில் ஆசிரியர் தினமும் ஸ்லிப் டெஸ்ட் வைத்து, மாலை வகுப்பில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிறார். கல்லூரியில் அப்படிச் சொல்ல ஆளில்லை. முதல் இன்டர்னல் தேர்வு வரும்வரை தான் பின்தங்கியிருப்பதே மாணவருக்குத் தெரிவதில்லை.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டதே, நிலைமை இன்னும் மோசமாகுமா?

அந்தத் தேர்வு 2017-18இல் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிளஸ் ஒன் பாடத்தை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான் அதைக் கொண்டுவந்ததன் முக்கிய நோக்கம். மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிப் பிள்ளைகள் களைத்துப்போனார்கள் என்பதும் உண்மை. தேர்வைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒதுக்கும் பழக்கம் மீண்டும் தலைதூக்க இப்போது வழி இருக்கிறது. கல்லூரி இங்கே உருப்படியாக ஒன்று செய்யலாம். பிளஸ் ஒன் முடியும் நேரத்தில், மதிப்பெண் பட்டியலில் ஏறாத, பயமில்லாத ஒரு சோதனைத் தாளைத் தயாரித்துக் கொடுக்கலாம். எந்தப் பாடத்தில் வகுப்பே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்கு அது காட்டிவிடும். சரிசெய்ய முழுதாக ஓராண்டு கையில் இருக்கும்.

கல்லூரி வந்து ஒருநாள் வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தினால் போதுமா?

போதாது. குத்துவிளக்கு, பொன்னாடை, முதல்வர் உரை, இரண்டு மணி நேரம் பவர்பாயின்ட், கடைசியில் குழுப் படம். மாணவர்கள் கைதட்டுவார்கள். மறுவாரம் கேட்டால் ஒன்றும் மனத்தில் இருக்காது. நாக் என்ற தேசிய அமைப்பு கல்லூரிகளுக்குச் செய்யும் தரமதிப்பீட்டுக்காகப் பள்ளிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக் கோப்பில் வைத்துவிடும் கல்லூரிகளும் உண்டு. அந்தக் காகிதத்தால் எந்தப் பிள்ளையும் பயனடைந்ததில்லை.

பலன் தருவது சின்ன அளவில், விடாமல் செய்வதுதான். ஒரு துறை, ஒரு பள்ளி, மாதம் இரண்டு சனிக்கிழமை என்று ஆரம்பியுங்கள். ஒரே ஆசிரியர்கள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஆள் மாறினால் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள்.

நான் முதல்வன், கல்லூரிக் கனவு போன்ற அரசுத் திட்டங்களே இருக்கும்போது இது எதற்கு?

அவை நல்ல திட்டங்கள். 2022இல் தொடங்கிய நான் முதல்வனால், எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு, எங்கே விண்ணப்பிப்பது என்பது கிராமத்துப் பள்ளி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கல்லூரிக் கனவு என்ற உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி இருக்கிறது. முடித்தும் எங்கும் சேராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. பள்ளி மாணவர்களை அருகிலுள்ள கல்லூரிக்கு அழைத்துப்போய்க் காட்டும் களப்பயணமும் உண்டு.

இவையெல்லாம் ‘எங்கே சேரலாம்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ‘சேர்ந்தபின் எப்படிப் படிப்பது’ என்பதைப் பாடம் பாடமாக உட்கார்ந்து சொல்லித்தர, பக்கத்திலிருக்கும் கல்லூரியின் பாட ஆசிரியரால்தான் முடியும். களப்பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தையும் நூலகத்தையும் சுற்றிக்காட்டி அனுப்புவதற்குப் பதில், ஓடிக்கொண்டிருக்கும் முதலாண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்காரவைக்கலாம். இயற்பியல் ஆய்வகத்தில் ஆளுக்கொரு வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து, ஒரு சிறிய உருளையின் விட்டத்தை அளக்கச் சொல்லலாம். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் முதல் செமஸ்டர் ஆய்வக வகுப்புக்கு நேரடியாக உதவும்.

பெரிய நிறுவனங்கள் இதைச் செய்கின்றனவா?

செய்கின்றன. சென்னை ஐஐடி ‘அனைவருக்கும் ஐஐடிஎம்’ என்ற பெயரில் 2022 முதல் அரசுப் பள்ளிகளோடு சேர்ந்து செயல்படுகிறது. பள்ளி மாணவர்களுக்கான இணையவழிச் சான்றிதழ் படிப்புகளையும் நடத்துகிறது. 2020இல் அது தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. ஐஐடிகளில் சேர வழக்கமாக எழுதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வு இதற்குத் தேவையில்லை. சில வாரம் பாடம் நடத்தி, பயிற்சிக் கணக்குகள் கொடுத்து, பிறகு அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பிளஸ் ஒன் முடித்தவர்களும் எழுதலாம்; தேறினால் பிளஸ் டூ முடித்தபின் சேர்ந்துகொள்ளலாம். கல்லூரிப் பாடம் எப்படி இருக்கும் என்பதைச் சேருவதற்கு முன்பே படித்துப் பார்த்துவிட முடிகிறது என்பதுதான் இதன் சிறப்பு.

ஆனால் ஐஐடியால் எல்லாப் பள்ளிக்கும் ஆள் அனுப்ப முடியாது. பேருந்தில் அரை மணியில் போய்விடக்கூடிய ஊரில் இருக்கும் சாதாரணக் கல்லூரிதான் வாராவாரம் போக முடியும்.

வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி இருக்கிறதா? உண்மையிலேயே பலன் கிடைத்ததா?

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே புதிதாகச் சேருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆங்கிலத்திலோ கணக்கிலோ பின்தங்கியிருந்து, பட்டத்துக்கான கணக்கில் சேராத, அதாவது கிரெடிட் கிடைக்காத அடிப்படை வகுப்புகளில் உட்கார வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் மாநிலக் கல்வித் துறையோடு சேர்ந்து, 11ஆம் வகுப்பில் எல்லோரும் எழுதும் மாநிலத் தேர்வோடு சில கூடுதல் கேள்விகளையும் ஒரு கட்டுரையையும் சேர்த்தது. 2004 வாக்கில் இது நடைமுறைக்கு வந்தது. ‘நீ கல்லூரிக்குத் தயார்’ அல்லது ‘இன்னும் தயாராகவில்லை’ என்பது, 12ஆம் வகுப்பு என்ற ஒரு முழு ஆண்டு மீதமிருக்கும்போதே மாணவருக்குத் தெரிந்துவிடும். தயாராகாதவர்களுக்காகக் கல்லூரிப் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்தே 12ஆம் வகுப்புக்கு ஒரு வாசிப்பு-எழுத்துப் பாடத்தை உருவாக்கினார்கள். அதை நடத்தப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தந்தார்கள்.

சாக்ரமென்டோ வளாகத்தில் சேர்ந்த மாணவர்களை வைத்து 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அடிப்படை வகுப்பு தேவைப்படும் வாய்ப்பு ஆங்கிலத்தில் 6.1 சதவீதப் புள்ளியும் கணக்கில் 4.1 சதவீதப் புள்ளியும் குறைந்ததாகச் சொன்னது. பெரிய அற்புதம் இல்லை. ஆனால் இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு இது நல்ல பலன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2018இல் அந்தப் பல்கலைக்கழகம் கிரெடிட் இல்லாத அடிப்படை வகுப்புகளையே கைவிட்டது. முதலாண்டு வகுப்போடு கூடவே கூடுதல் உதவி தரும் முறைக்கு மாறியது. பள்ளியைத் திருத்தினால் மட்டும் போதாது, தன் வகுப்பையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கல்லூரி உணர்ந்த இடம் அது.

கல்லூரி தன் பக்கத்தில் என்ன திருத்திக்கொள்ள வேண்டும்?

முதலாண்டுக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வொருவரும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடப்புத்தகங்களை மேசையில் வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது பல நண்பர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. ‘இதெல்லாம் ஸ்கூலில் படித்திருப்பீர்கள்’ என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறோமே, அதை எந்தப் பாடத்தில், எந்த அளவுக்குப் படித்தார்கள் என்று நாம் பார்த்ததே இல்லை.

அடுத்து, பள்ளி முதுகலை ஆசிரியரை நம் வகுப்புக்கு அழையுங்கள். நம் பாடத்தை அவர் ஒருநாள் கேட்கட்டும். ‘சார், இந்தக் குறியீட்டை நாங்கள் வேறு மாதிரி எழுதுவோம். பிள்ளைகள் குழம்புவது இதனால்தான்’ என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் பல வாரக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். கல்லூரிக்காரர்கள் கற்றுக்கொடுக்க மட்டுமே பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் அந்த உறவு நீடிக்காது.

தமிழ்வழி மாணவர்களின் ஆங்கிலப் பிரச்சினையை எப்படிக் கையாள்வது?

‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்பு வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். முதல் செமஸ்டருக்கு வேண்டியது அதுவல்ல. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். வகுப்பில் அதே வாக்கியம் ஆங்கிலத்தில் வேகமாக வந்து விழும்போதுதான் அது ஏதோ புதுப் பாடம் என்று நினைத்து மிரள்கிறது. பிளஸ் டூவிலேயே பாடத்துக்கு முப்பது, நாற்பது கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழக்கிவிடலாம். அதே பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகமும் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழில் படித்து முடித்த பாடத்தின் ஆங்கிலப் பக்கத்தை வாரம் ஒன்று, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி பயமுறுத்தாது. கல்லூரி ஆசிரியரும் முதல் இரண்டு மாதம் தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் எழுதிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பள்ளி ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமை இல்லையா?

சுமைதான். எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது, தேர்ச்சி விகிதம், மெல்லக் கற்போருக்கான தனி வகுப்பு என்று ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதனால் பயிற்சித்தாள் தயாரிப்பது, திருத்துவது, பிள்ளைகளின் போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்வது எல்லாமே கல்லூரியின் வேலையாக இருக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பள்ளிப் பக்கமே போகாதீர்கள். அது பொதுத்தேர்வு நேரம்.

கல்லூரிக்காரர்கள் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வருகிறார்களோ என்று தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்களே?

அந்தத் தயக்கம் நியாயமானது. பள்ளிக்கு வந்து பெயர், கைபேசி எண் எல்லாம் எழுதி வாங்கிப்போய், ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு போன் மேல் போன் போடுவது பல இடங்களில் நடக்கிறது. ஆகவே முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்: மாணவரின் தொடர்பு விவரம் எதையும் வாங்கமாட்டோம், எங்கள் கல்லூரி விளம்பரத் தாள் பள்ளிக்குள் வராது, எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டால் கலந்தாய்வு விதிகளையும் முந்தைய ஆண்டு கட்ஆஃபையும் பார்க்கக் கற்றுத்தருவோமே தவிர, எங்கள் பெயரைச் சொல்லமாட்டோம். இதற்கு ஒத்துக்கொள்ளாத கல்லூரியைப் பள்ளி உள்ளே விட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிக்குள் போக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் முறையாக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊரின் ஆதரவும் கிடைக்கும்.

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை என்ன செய்யலாம்?

மார்ச்சில் தேர்வு முடிகிறது. பொறியியல் வகுப்பு தொடங்க ஆகஸ்டோ செப்டம்பரோ ஆகிவிடுகிறது. ஏறக்குறைய ஐந்து மாதம் சும்மா போகிறது. பல பிள்ளைகள் அந்த நேரத்தில் துணிக்கடைக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறார்கள். வீட்டு நிலைமை அப்படி, அதைத் தவறென்று சொல்ல முடியாது. எனவே முழுநாள் வகுப்பெல்லாம் வேண்டாம். ஞாயிறு காலை மட்டும், அவர்கள் படித்த பள்ளியிலேயே, பிளஸ் ஒன்னின் விட்டுப்போன பாடங்களை நடத்தலாம். யார் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறார்கள் என்பது பொருட்டே இல்லை. அதே பள்ளியில் படித்து இப்போது முதலாண்டு முடித்திருக்கும் அண்ணன், அக்காக்களை அழைத்துவந்து பேசவிடுங்கள். நம்மிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள் அவர்களிடம் வரும். ‘சந்தேகம் கேட்டால் இன்டர்னல் மார்க்கைக் குறைத்துவிடுவார்களா?’ ‘இங்கிலீஷில் பேசாவிட்டால் சிரிப்பார்களா?’ இவற்றுக்கு ஒரு பேராசிரியர் சொல்லும் பதிலைவிட, போன வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா சொல்லும் பதிலைத்தான் பிள்ளை நம்பும்.

கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அங்கே கணக்கைவிட வாசிப்பும் எழுத்தும்தான் பிரச்சினை. பொருளியல், வரலாறு மாணவர்களுக்கு நோட்ஸ் இல்லாமல் ஒரு கட்டுரையைப் படித்துச் சுருக்கி எழுதத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் நிகழ்ச்சிக்கு வந்தார்கள், எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்தப் பள்ளியிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் முதல் செமஸ்டரில் எல்லாத் தாளிலும் தேறினார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டிலும் படிப்பைத் தொடர்கிறார்கள் என்று பாருங்கள். இந்தத் தகவல் பள்ளிக்குத் திரும்பி வருவதே இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். பிளஸ் டூ ரிசல்ட்டோடு பள்ளியின் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது. தம் மாணவர்கள் கல்லூரியில் எந்தத் தாளில் தடுமாறினார்கள் என்று தெரிந்தால், அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டு வேறு மாதிரி நடத்த எத்தனையோ ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள். பெயர் இல்லாமல், தாள்வாரியாக, ஆண்டுக்கு ஒரு பக்க அறிக்கை தந்தால் போதும்.

என் பையன் ஏற்கெனவே முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்துவிட்டான். இனி என்ன செய்வது?

முதலில் வீட்டில் திட்டுவதை நிறுத்துங்கள். அரியர் தாளை அடுத்தடுத்த தேர்வுகளில் எழுதித் தேறிவிடலாம், படிப்பு நின்றுவிடாது. விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிப் பார்த்தால் எங்கே மார்க் போனது என்று தெரியும். கணக்குத் தாளாக இருந்தால், கல்லூரிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியை எடுத்து அணிக்கோவையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரு மணி நேரம், ஒரு மாதம். பழைய பள்ளிக் கணக்கு ஆசிரியரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் மறுக்கமாட்டார்கள். வகுப்பு ஆலோசகராக இருக்கும் ஆசிரியரை நீங்களும் ஒருமுறை நேரில் சந்தியுங்கள். ‘நாங்கள் படிக்காதவர்கள், காலேஜுக்கு வந்து என்ன பேசுவது’ என்று ஒதுங்க வேண்டாம். எந்தத் தாள், எப்போது மறுதேர்வு, யாரிடம் சந்தேகம் கேட்கலாம் என்று மூன்றே மூன்று விஷயத்தைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.